மறு: ‘வெரி ஃப்யூரியஸ்’ ஏன் வராது? பெயரடை வகைகளுக்குக் கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு,

இழை நீண்டு எங்கெங்கோ போய்விட்டதால் முதல் கேள்வியை மறுபடி மேலே ஒட்டுகிறேன்.

> பிளஸ் டூ மாணவர்களுக்கான ஆங்கிலக் கையேட்டில் கோபச் சொற்களுக்கு ஒரு பாடம். அனாய்ட், ஆங்ரி, ஃப்யூரியஸ், லிவிட் என்று ஏறுவரிசை. முதல் இரண்டுக்கும் முன்னால் ‘வெரி’ வரும். பின்னிரண்டுக்கும் வராது, ‘அப்சல்யூட்லி’தான் வரும். இந்த இரண்டு வகைப் பெயரடைக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

பெயர் கேட்டது பெயரடை (அட்ஜெக்டிவ்) வகைக்கு. நாம் கொடுத்துக்கொண்டிருப்பதோ சிறுகோபம், கடுங்கோபம், பெருங்கோபம், உச்சகோபம் என்று கோபத்துக்கு முன்னொட்டுகள். இவை கையேட்டில் போனால் மாணவன் ‘ஃப்யூரியஸ்’ என்றால் பெருங்கோபம் என்று மனப்பாடம் செய்வான். பெருங்கோபத்தை ‘மிகப் பெருங்கோபம்’ ஆக்கத் தமிழ் தடை சொல்லாது. பிறகென்ன, ‘வெரி ஃப்யூரியஸ்’ என்றுதான் எழுதுவான். எந்தத் தவறைத் தவிர்க்கப் பாடம் வைக்கிறோமோ அதற்கே வழிவிடுகிறோம்.

இனி வகைப்பெயர்கள்.

> ‘தரப்படுத்தக்கூடிய பெயரடை’, ‘தரப்படுத்த இயலாப் பெயரடை’ என்று வைக்கலாமே?

வேண்டாம் ஐயா. அட்டவணைத் தலைப்பில் அடங்காது என்பது சின்னக் காரணம். தரப்படுத்துதல் என்றால் இன்று ஐஎஸ்ஓ முத்திரைதான் நினைவுக்கு வருகிறது. இலங்கை நண்பர்களுக்கோ 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் ஞாபகம் வரும். ஒரு தலைமுறையையே கொதிக்கவைத்த சொல்லைக் கோபப் பாடத்தின் தலைப்பில் வைப்பது பொருத்தம் என்று யாராவது கேலி செய்யலாம், ஆனால் மாணவனுக்கு அது உதவாது.

> நன்னூலில் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று இருக்கிறது. மிகுதி என்ற சொல் கையில் இருக்கும்போது ‘மிகுதியேற்கும் பெயரடை’ என்றே சொல்லிவிடலாம்.

இது எனக்குப் பிடித்திருந்தது. தொல்காப்பியரும் உறு, தவ, நனி மூன்றையும் மிகுதிப் பொருள் தருபவை என்றுதான் சொல்கிறார். ‘வெரி’ என்ற சொல்லின் வேலை அதேதான். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ‘ஆங்ரி’ என்ற சொல் கூட்டலை மட்டுமா ஏற்கிறது? ‘எ பிட் ஆங்ரி’ என்று குறைக்கவும் செய்யலாம். ‘எ பிட் ஃப்யூரியஸ்’ என்றால் கிண்டலாகத்தான் படும். ஆக கூட்டலும் குறைத்தலும் இரண்டும் அடங்க வேண்டும். ‘மிகுதி’ அதில் பாதியை விட்டுவிடுகிறது.

அதனால் என் முன்மொழிவு: அளவேற்கும் பெயரடை. வேற்றுமை உருபேற்கும் பெயர் என்று படித்தவர்களுக்கு ‘ஏற்கும்’ பழகிய சொல். எந்த அளவை வேண்டுமானாலும் முன்னால் வைக்கலாம் என்ற பொருள் சொல்லிலேயே தெரிகிறது. நண்பர் சொன்ன மிகுதியையும் வீணாக்க வேண்டாம். ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ போன்றவற்றுக்கு ‘மிகுதியடை’ என்று பெயர் வைத்துவிடலாம். (பெயரடையா, உரிச்சொல்லா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இங்கே திறக்காதீர்கள். அதற்கு வேறு இழை இருக்கிறது, இன்னும் ஓயவில்லை.)

எதிர்வகைக்கு ‘அளவேற்காப் பெயரடை’ என்று எதிர்மறை போடத்தான் கை போகும். அங்கேதான் நிற்கச் சொல்கிறேன். ‘வுடன்’, ‘மெடிக்கல்’ மாதிரிச் சொற்கள் அளவை ஏற்பதே இல்லை. மரக் கதவு மரக் கதவுதான், கொஞ்சம் மரக் கதவு கிடையாது. ‘ஃப்யூரியஸ்’ அப்படியல்ல. அது அளவுக்கு வெளியே இல்லை, அளவின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ‘அப்சல்யூட்லி’, ‘அட்டர்லி’ என்று முழுமையைச் சொல்லும் அடைகள் அதோடு சேர்கின்றன. ‘ஈவன் மோர் ஃப்யூரியஸ்’ என்று நல்ல ஆங்கிலத்திலேயே பார்க்கிறோம். அளவேற்காது என்று பெயர் வைத்துவிட்டால் இதை எப்படி விளக்குவது? எனவே ‘ஃப்யூரியஸ்’, ‘லிவிட்’, ‘என்ரேஜ்ட்’ மூன்றும் உச்சப் பெயரடை. ‘வுடன்’ கூட்டத்துக்கு ‘வகைப் பெயரடை’ போதும்.

அப்புறம், சகோதரி ஒருவர் கேட்டது:

> தமிழில் இந்த வேறுபாடே இல்லையே, மாணவனுக்கு எப்படிப் புரியவைப்பது? ‘மிகவும் கோபம்’, ‘மிகவும் ஆத்திரம்’ இரண்டும் சரிதானே?

சரிதான். பெயர்ச்சொல்லில் தேடினால் கிடைக்காது. கோபத்தின் கடுமையைத் தமிழ் பெரும்பாலும் வினையில் வைக்கிறது. கோபம் வரும், பொத்துக்கொண்டு வரும், தலைக்கேறும். ஆள் குமுறுவார், கொதிப்பார், வெடிப்பார். இப்போது இந்த வினைகளின் முன்னால் அடை வைத்துப் பாருங்கள். ‘ரொம்பக் கோபப்பட்டார்’ இயல்பு. ‘கொஞ்சம் கோபப்பட்டார்’ அதுவும் இயல்பு. ‘கொஞ்சம் கொதித்துப்போனார்’ என்று யாராவது சொல்வார்களா? ‘மிகவும் கொதித்துப்போனார்’ கூட ஒட்டவில்லை. ‘அப்படியே கொதித்துப்போனார்’, ‘ஒரேயடியாகக் கொதித்துப்போனார்’ என்றால் கச்சிதமாக உட்காருகிறது. ‘அப்சல்யூட்லி ஃப்யூரியஸ்’ என்பதும் இதே மாதிரிதான். ஆக வேறுபாடு நம்மிடமும் இருக்கிறது, பெயரடையில் இல்லாமல் வினையில் இருக்கிறது, அவ்வளவே.

ஆகவே கையேட்டில் பெயர்ச்சொல் பட்டியலுக்குப் பதிலாக வாக்கியமாகக் கொடுங்கள் என்கிறேன். ‘ஷீ வாஸ் அனாய்ட்’ என்பதற்கு ‘அவளுக்கு எரிச்சலாக இருந்தது’. ‘ஆங்ரி’ என்றால் ‘கோபப்பட்டாள்’. ‘ஃப்யூரியஸ்’ என்றால் ‘கொதித்துப்போனாள்’. பேச்சுவழக்கை ஒரு வரியில் குறித்தாலும் தப்பில்லை: ‘கடுப்பானாள்’ என்பது ‘அனாய்ட்’ பக்கம், சென்னையின் ‘காண்டானாள்’ அதற்குச் சற்று மேலே. யாழ்ப்பாணத்தில் ‘விசர் வருது’ என்பார்கள். விசர் என்றால் பைத்தியம். பைத்தியத்தைக் குறிக்கும் ‘மேட்’ அமெரிக்காவில் கோபத்துக்கு வருவதை அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

‘க்ராஸ்’ பற்றி யாரும் பேசவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வீட்டுக்குள் வரும் மெல்லிய கோபம்; அம்மா பிள்ளையிடம், பிள்ளை அம்மாவிடம். இதற்குக் ‘கோபித்துக்கொள்ளுதல்’ அருமையாகப் பொருந்தும். கோபப்படுவதும் கோபித்துக்கொள்வதும் நமக்கு ஒன்றல்ல. முன்பின் தெரியாத பேருந்து நடத்துநரிடம் கோபப்படலாம், கோபித்துக்கொள்ள முடியாது. அதற்கு உறவு வேண்டும். பந்திக்கு யாரும் வந்து கூப்பிடவில்லை என்று கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும் மாமா கோபித்துக்கொண்டிருக்கிறார். யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று செருப்பைக் கொஞ்சம் நிதானமாகவே தேடுவார்.

‘லிவிட்’ என்ற சொல்லின் பழைய பொருள் கன்றிப்போன நீல நிறம். நிறத்தைக் கோபத்துக்கு ஆக்குவது நமக்குப் புதிதில்லை; ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்பது தொல்காப்பியம். ‘கண் சிவந்தார்’ என்று இன்றும் எழுதுகிறோம். ‘லிவிட்’ வரிக்கு எதிரே அதைப் போடலாம் என்று தோன்றுகிறது, மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஆனால் அதே நூற்பாவைக் காட்டி பாடத்தின் தலைப்பையே ‘வெகுளிச் சொற்கள்’ ஆக்கலாம் என்று வந்த யோசனைக்கு நான் உடன்படவில்லை. குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருப்பது உண்மைதான். இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி. பதினேழு வயதுப் பிள்ளை வேறெதுவும் நினைக்காது.

மிஞ்சியிருப்பது ‘இண்டிக்னன்ட்’, ‘அவுட்ரேஜ்ட்’. அறச்சீற்றம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், நல்ல சொல். ஆனால் அதை ஏறுவரிசையில் நுழைக்காதீர்கள். அநியாயத்தைப் பார்த்து வரும் கோபம் என்பது கோபத்தின் காரணத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. ‘வெரி இண்டிக்னன்ட்’ தாராளமாக வரும், ‘அவுட்ரேஜ்ட்’ உச்சப் பக்கம் சாய்கிறது. அதாவது ஒரே காரணத்துக்குள்ளேயே இரண்டு வகைப் பெயரடையும் இருக்கின்றன. அட்டவணையில் ‘ஏன் கோபம்’ என்று தனிப் பத்தி போட்டு அங்கே வைப்பதுதான் சரி.

அளவேற்கும், உச்ச, வகை என்ற மூன்றோடு மிகுதியடையையும் சேர்த்து வரைவு அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘உச்சப் பெயரடை’ என்பதைப் பார்த்து ‘பெஸ்ட்’, ‘பிக்கஸ்ட்’ போன்ற ஒப்பீட்டு வடிவங்களோடு யாராவது குழப்பிக்கொள்வார்களோ என்பது ஒன்றுதான் என் தயக்கம். வகுப்பில் பாடம் எடுப்பவர்கள் இதைச் சொன்னால் நல்லது. அப்படிக் குழப்பம் வரும் என்றால் ‘முகட்டுப் பெயரடை’ என்ற மாற்றையும் கையில் வைத்திருக்கிறேன். கேட்க அழகாக இல்லை, ஆனால் வேறெதோடும் மோதாது.

அன்புடன்