பாம்பு கடித்த காலில் கயிறு கட்டியது சரியா?

கேள்வி – மன்னார்குடி அருகிலிருந்து

சென்ற மாதம், இரவில் மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன என் தந்தையை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. உடனிருந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டி, கடிவாயைப் பிளேடால் கீறி இரத்தத்தைப் பிழிந்துவிட்டு, விஷக்கடி வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. பிறகு சேர்த்த மருத்துவமனையில், கண்ணாடி விரியன் கடித்ததற்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி மருந்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் கட்டுக்குக் கீழே சதை அழுகி, இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டாமல் விட்டிருந்தால் விஷம் தலைக்கு ஏறியிருக்காதா? அன்று நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில் – அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

உங்கள் தந்தை பிழைத்தது பெரிய ஆறுதல். கட்டியவர்கள் அவரைக் காப்பாற்றவே கட்டினார்கள்; அவர்கள்மீது வருத்தம் வேண்டாம். ஆனால் கட்டியது தவறுதான். இறுகக் கட்டினால் காலுக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. சதையை அழிக்கும் விரியன் விஷமும் அங்கேயே தேங்குகிறது. இரண்டும் சேர்ந்துதான் கால் பறிபோகும் நிலை வருகிறது. கீறுவது அதைவிட ஆபத்து, ஏனெனில் இந்த விஷம் இரத்தத்தை உறையவிடாது. கீறிய இடத்திலிருந்து வடிவது நிற்காது. வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் பயன்படாது.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல ஒரு கம்பையோ மட்டையையோ வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றி, கால் அசையாதபடி செய்யுங்கள். தசை அசைந்தால் விஷம் வேகமாகப் பரவும். வீக்கம் தொடங்குமுன் மெட்டி, கொலுசு, மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாராவது ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால், பதறிப்போய் வழியிலேயே அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாய்ந்துவிடலாம். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

பதில் – ஒரு விவசாயி

தம்பி, எங்கள் ஊரில் பாம்பைத் தேடி அடித்து, அதையும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் இருந்தது. அதற்காக இருட்டில் புதரைக் கிளறி இன்னொருவரும் கடிபட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். செத்த பாம்பின் தலையும் சிறிது நேரம் வரை கடிக்கும். நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. பாம்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய தேவையே இல்லை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள் இந்த நான்கு பாம்புகளையும் பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தைச் சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது.

உங்களுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இரவிலும் இந்த மருந்து கிடைக்கும் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என் தாயார் கூடத்தில் பாய் விரித்துத் தரையில்தான் படுக்கிறார். தூக்கத்தில் கடித்தால் வலியில் விழித்துக்கொள்வார் அல்லவா?

பதில் – கிராமப்புற மருத்துவர்

விழிக்காமலே போகலாம். கட்டுவிரியன் இரவில் இரைதேடி வீட்டுக்குள் நுழையும்; அது கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல்தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். விடியற்காலையில் கடும் வயிற்றுவலியோடு எழுபவரை அஜீரணம் என்று எண்ணிச் சோடா கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். தரையில் படுத்தவருக்கு அப்படி வயிற்றுவலி வந்து, இமைகள் தாமாகச் சரிந்து, பேச்சுக் குழறி, எச்சில் விழுங்க முடியாமல் போனால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். அந்த நிலையில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். போகும் வழியில் மூச்சு நின்றால் செயற்கை சுவாசம் கொடுத்தபடியே கொண்டு வாருங்கள். மருத்துவமனையில் செயற்கை சுவாசக் கருவி பொருத்தினால், அசைவே இல்லாமல் கிடந்தவர்கள்கூடச் சில நாட்களில் எழுந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தாயாருக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுங்கள். கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும்.