குதிகால் வலி, எந்த இன்சோல் வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்

நடைவண்டி (இரவு 9.12)
வணக்கம். குதிகால் வலி உயிரை எடுக்கிறது. பத்து நாள் முன்னால் இன்சோல் வாங்கிப் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஜெல் நல்லதா, ஃபோம் நல்லதா, இல்லை அந்தக் கெட்டியான பிளாஸ்டிக் வகையா? நாளை மறுநாள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும், நின்றுகொண்டே செய்கிற வேலை. இன்று ராத்திரியே ஆர்டர் போட்டாக வேண்டும். தெரிந்தவர்கள் சட்டென்று சொல்லுங்கள்.

ஊசிநூல் (9.20)
என்ன ஷூ? வாங்கியது என்ன மாதிரி இன்சோல்? முழு நீளமா, முக்கால் நீளமா? ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தானே போட்டீர்கள்?

மாலைநடை (9.23)
எந்தக் கால்?

ஜெல்ராஜா (9.31)
ஜெல் வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எனக்கும் இதேதான் இருந்தது. எக்ஸ்ரேயில் குதிகாலில் ஒரு எலும்பு முளை தெரிந்தது. முள்ளு மாதிரி அது சதையைக் குத்துகிறது, அதனால் வலிக்கிறது. ஜெல் மெத்தென்று இருக்கும், முள் குத்தாது. அவ்வளவுதான் விஷயம்.

மூத்தவாசகன் (9.44)
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. தேடிப் பார்க்கிற வழக்கமே இப்போது யாருக்கும் இல்லை. "எந்த இன்சோல் நல்லது" என்பது "எந்தக் கண்ணாடி நல்லது" என்று கேட்பது மாதிரி. யார் கண்ணுக்கு, என்ன பவர் என்று தெரியாமல் என்ன சொல்வது? கேள்வி கேட்கவும் ஒரு பயிற்சி வேண்டும்.

பிசியோமாணவி (9.58)
ஐயா சொன்ன விதம் எப்படியோ, கேட்டது சரிதான். நண்பரே, நாலு விஷயம் சொல்லுங்கள். குதிகாலில் சரியாக எந்த இடம்: அடியில் நடுவிலா, உள்பக்கமாகவா, பின்னாலா? எப்போது அதிகம்: காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளிலா, சாயங்காலம் போகப் போகவா? மரத்துப் போவது, எரிச்சல் உண்டா? சர்க்கரை நோய் உண்டா? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் இன்சோல் உரசிப் புண்ணானால்கூட வலி தெரியாது.

நடைவண்டி (10.15)
குதிகால் என்றுதான் சொன்னேனே. அடியில், கொஞ்சம் உள்பக்கம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணி மேல் வைத்த மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறை வரை போகிறேன். பத்து நிமிடம் நடந்தால் விடும், அப்புறம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. சர்க்கரை இல்லை, மரத்துப் போவதும் இல்லை. ஷூ சாதாரண ஷூதான். இன்சோல் முழு நீளம், நடுவில் மேடு உள்ளது. சரி, இப்போது எதை வாங்குவது?

மாலைநடை (10.17)
எந்தக் கால்? காரணம் இல்லாமல் கேட்கவில்லை.

பிசியோமாணவி (10.36)
நீங்கள் சொல்வது பிளான்டர் ஃபாசியைடிஸ் மாதிரி இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை அடிப்பாதத்தில் ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ அப்படித்தான் பாதத்தின் வளைவுக்கு அது. ராத்திரி முழுக்கப் பாதம் தொங்கிக் கிடக்கும்போது சுருங்கி இறுகிவிடுகிறது. காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது, அதுதான் அந்த ஆணி. ஆனால் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் பிடித்து அழுத்துங்கள், அடியில் இல்லை, பக்கவாட்டில். அப்படி அழுத்தும்போது உயிர் போகிற வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது இன்சோல் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீக்கம், படுத்திருக்கும்போதும் விடாத வலி, இரண்டு குதிகாலும் வலித்துக் காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அப்படியே.

ஜெல்ராஜா அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். அந்த எலும்பு முளை வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரேயில் தெரியும். முளை அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடுவதும் உண்டு. முள் குத்துகிறது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெல்ராஜா (10.41)
எனக்கு ஜெல் போட்ட பிறகுதான் போனது தங்கச்சி. அதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

வெறுங்கால் (10.52)
இன்சோலே வேண்டாம். ஷூவே வேண்டாம் என்பேன். எங்கள் தாத்தா எண்பது வயது வரை செருப்புப் போட்டதில்லை, குதிகால் வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. வளைவுக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் பாதத் தசை சோம்பேறியாகிவிடும். ஊன்றுகோல் கொடுத்தே நடக்கப் பழக்குகிறீர்கள்.

ஊசிநூல் (11.05)
தாத்தா நடந்தது மண்ணில் அண்ணா. இவர் நிற்பது கெட்டித் தரையில், நாள் முழுக்க. தசையைப் பலப்படுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வலி உச்சத்தில் இருக்கிறவரைக் கழற்றிவிட்டு நட என்றால் எப்படி?

நடைவண்டி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பழைய இன்சோலை எடுத்தீர்களா?

வெறுங்கால் (11.09)
ஆரம்பத்திலிருந்தே வெறுங்காலோடு இருந்திருந்தால் குதிங்கால் வலியே வந்திருக்காது என்கிறேன்.

மூத்தவாசகன் (11.14)
குதிகால். குதிங்கால் இல்லை.

வெறுங்கால் (11.16)
எங்கள் பக்கம் குதிங்கால்தான்.

மூத்தவாசகன் (11.21)
பக்கம் எதுவானாலும் எழுதும்போது ஒழுங்காக எழுதலாம். குதி + கால். நடுவில் "ங்" எங்கிருந்து குதித்தது?

எழுத்தாணி (11.33)
இரண்டும் அகராதியில் இருக்கிறது. "குதி" என்றாலே குதிகால்தான், "கால்" கூடத் தேவையில்லை. சண்டை போடுவதானால் இன்சோலுக்குத் தமிழ் என்ன என்று போடுங்கள், அதிலாவது ஏதாவது கிடைக்கும். "உள்மிதி" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மூத்தவாசகன் (11.40)
மிதியடி என்றால் காலணி. உள்மிதி என்றால் காலணிக்குள் இன்னொரு காலணி என்று ஆகும். பாதத்தாங்கி சரியாக வரும்.

எழுத்தாணி (11.42)
பாதத்தாங்கி என்றால் நாற்காலிக்குக் கீழே கால் வைக்கிற பலகை மாதிரி இருக்கிறது ஐயா.

நடைவண்டி (11.50)
பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அடியில் அழுத்தினால்தான் வலிக்கிறது. பழைய இன்சோல் உள்ளேயே இருக்கிறது, அதை எதற்கு எடுக்க வேண்டும்? ஒட்டித்தானே வைத்திருப்பார்கள். அதன் மேல்தான் புதியதைப் போட்டேன். இரண்டு மெத்தை இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். இன்னொன்று, கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

ஊசிநூல் (நள்ளிரவு 12.02)
ஆகா. இதைத்தான் இரண்டு தடவை கேட்டேன்!

நிறைய சம்பந்தம் இருக்கிறது. முழு நீள இன்சோல் பழையதன் இடத்தில் போக வேண்டியது, அதன் மேல் இல்லை. மேலே போட்டால் பாதம் முழுக்க உயர்ந்துவிடுகிறது. முன்னால் விரலுக்கு மேலே இடம் இல்லை, நகம் இடித்துக் கறுக்கிறது. பின்னால் குதிகால் ஷூவின் கிண்ணத்தை விட்டு மேலேறி, ஒவ்வொரு அடிக்கும் வழுக்குகிறது. அடியில் பழைய மெத்தை அமுங்குவதால் புதியதன் மேடு இருக்க வேண்டிய இடத்தில் நிற்பதே இல்லை.

குதிகால் பக்கத்திலிருந்து விரலை விட்டு மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் ஒரு பொட்டுப் பசைதான் இருக்கும், வந்துவிடும். முழுக்க ஒட்டியிருந்து கிழிகிற மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த ஷூவுக்கு முக்கால் நீளம்தான் சரி. எடுத்த பழையதைப் புதியதன் மேல் குதிகாலோடு குதிகால் பொருத்தி வைத்து, விரல் பக்கம் பேனாவால் கோடு போட்டு வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு வெட்டிப் போட்டுப் பார்த்து மறுபடி வெட்டுங்கள். குதிகால் பக்கம் கத்திரிக்கோல் போகவே கூடாது. அங்கே வெட்டினால் மேடு இடம் மாறிவிடும், அப்புறம் அது காலைத் தாங்காது, உறுத்தும்.

ஊசிநூல் (12.11)
விட்டுப்போனது. ஜெல்லா ஃபோமா என்ற கேள்விக்கு: மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. மேட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சப்பையாகக் கீழே போய்விட்டால் உங்கள் எடை ஏறியதும் அது இருக்கிற இடமே தெரியாது. கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். அதற்காகக் கல் மாதிரியும் வேண்டாம். மேடு உங்கள் வளைவின் உச்சிக்கு நேராக வருகிறதா என்று ஏறி நின்று பாருங்கள். முன்னால் தள்ளி உறுத்தினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை.

குதிகாலின் நட்ட நடுவில், கொழுப்பு மெத்தை தேய்ந்து வலிக்கிறவர்களுக்கு ஜெல் கிண்ணம் சுகம் தரும். ஜெல்ராஜா அண்ணனுக்கு அப்படி இருந்திருக்கலாம். உங்கள் கதை வேறு.

அந்த "சாதாரண ஷூ"வையும் ஒரு தடவை சோதியுங்கள். ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். துணியாகவே முறுகினால் எந்த இன்சோல் போட்டும் வீண், சகதியில் பலகை போட்ட மாதிரிதான். விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. பின்சுவரைக் கிள்ளினால் விறைப்பாக நிற்க வேண்டும்.

ஜெல்ராஜா (12.15)
எனக்கு நடுவில்தான் வலித்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பணம்போச்சு (காலை 6.40)
அளவெடுத்துச் செய்து தருகிறார்களே, அதுதான் சிறந்தது இல்லையா? நான் அதற்கு நிறையச் செலவு செய்திருக்கிறேன்.

பிசியோமாணவி (7.05)
பாதத்தின் அமைப்பே மிக வித்தியாசமாக இருக்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் இந்தக் குதிகால் வலிக்கு ரெடிமேடையும் அளவெடுத்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. முதலில் ரெடிமேடில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

நடைவண்டி, புதிய இன்சோலை முதல் நாளே வேலை நேரம் முழுக்கப் போட்டீர்களா? முதல் நாள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். இன்சோலை மட்டும் நம்பாதீர்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை இன்னொரு தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். 10 எண்ணும் வரை, 10 தடவை. இன்னொரு கையால் அடிப்பாதத்தைத் தடவினால் அந்தப் பட்டை நாண் மாதிரி விறைப்பது தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் முதல் அடி, அதுவும் வெறுங்காலில் வேண்டாம். கெண்டைக்காலையும் சுவரில் சாய்ந்து நீட்டுங்கள், அது இறுகியிருந்தால் குதிகாலை விடாது.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் வாரக்கணக்கில் பாருங்கள், நாள்கணக்கில் பார்த்தால் வெறுத்துவிடும்.

வெறுங்கால் (7.30)
வெறுங்காலில் வேண்டாமாம்.

மாலைநடை (7.48)
வெளியே எடுக்கிற பழைய இன்சோல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது ஆழமாகக் குழிந்திருக்கிறதோ அந்தக் காலில்தான் நீங்கள் சாய்ந்து நிற்கிறீர்கள். அதற்குத்தான் எந்தக் கால் என்று கேட்டேன், இது மூன்றாவது தடவை. ஷூவைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்தும் பாருங்கள், ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் இன்சோலுக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.

மூத்தவாசகன் (8.20)
ஆள் ஓடிவிட்டார். இப்படித்தான் நடக்கும். அவசரம் என்று வருவார்கள், நாம் விடிய விடிய எழுதுவோம், ஒரு நன்றி இருக்காது.

எழுத்தாணி (8.26)
விடிய விடிய நீங்கள் எழுதியது "ங்" பற்றி, ஐயா.

நடைவண்டி (17 நாள் கழித்து, இரவு 8.03)
மன்னிக்கவும், வேலை. ஆர்டர் எதுவும் போடவில்லை. பழையதை எடுத்துவிட்டு அதே இன்சோலை வெட்டிப் போட்டேன். நகம் இடிக்கவில்லை. கட்டில் மேலேயே அந்த இழுப்பு, தினமும். காலையில் இன்னும் வலி இருக்கிறது, ஆனால் சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

மாலைநடை (8.10)
பழைய இன்சோல் எப்படி இருந்தது?

நடைவண்டி (8.31)
வலது கால் குதிகால் இடத்தில் குழி விழுந்து, துணி தேய்ந்து, அடிப்பக்கம் தெரிந்தது. இடது புதுசு மாதிரி. வலதுதான் வலிக்கிற கால். முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.