பேலட்டில் பெட்டி நேராக உட்கார்ந்த பிறகுதான் வேகம் வந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பர்கூர் மெயின்டனன்ஸ்:

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பேலட் என்கிற அடித்தட்டு மேல் பெட்டி அடுக்கும் ரோபோவோடு இரண்டு சீசன் மல்லுக்கட்டியதை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் உங்கள் கதையையும் கீழே சொல்லுங்கள்.

மாங்கூழ் ஏற்றுமதி என்றாலே சித்தூரும் கிருஷ்ணகிரியும்தான். எங்களுக்கு வருடம் என்பது மே கடைசியிலிருந்து ஜூலை வரை. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போது லைன் நின்றால் பழம் காத்திருக்காது. டின்னுக்கு 3.1 கிலோ கூழ், பெட்டிக்கு 6 டின். தகரமும் அட்டையும் சேர்ந்தால் பெட்டி 20 கிலோவைத் தாண்டும். முன்பு நான்கு பேர் ஷிப்ட் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து அடுக்கினார்கள். அதில் இரண்டு பேர் இன்றும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அதனால் ரோபோ வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் முதல் சீசனில் ரொம்பவும் படுத்தியது. நிமிடத்துக்கு 8 பெட்டி வைக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள், 5ஐத் தாண்டவில்லை. "ஸ்பீடைக் கூட்டுங்கப்பா" என்று மேலே இருந்து உத்தரவு. கூட்டினோம். அன்று இரவு ஷிப்டிலேயே ரோபோ கை திரும்புகிற வேகத்தில் ஒரு பெட்டியின் மேல் டேப் பிய்ந்து, ஆறு டின்னும் ரோபோவைச் சுற்றிய வேலிக்குள் உருண்டு ஓடின. மேலிருந்து காற்றால் உறிஞ்சித் தூக்கும் பெட்டியில் மொத்த எடையும் அந்த டேப்பில்தான் தொங்குகிறது. அப்படித் தொங்குவதை வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும்?

மறுநாள் வேலிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செல்போனில் அரை மணி நேரம் வீடியோ எடுத்தேன். வீட்டுக்குப் போய் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கை ஓடும்போது நன்றாகவே ஓடியது. நின்று நின்று போனதில்தான் நேரம் கரைந்தது.

உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் பெட்டி மேல் உட்கார்ந்ததும், பிடிப்பு கிடைத்துவிட்டது என்று வேக்குவம் சுவிட்ச் சொன்னால்தான் கை தூக்கும். அந்த விளக்கு எரிய ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்கு மேல் ஆனது. கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ரப்பர் உதட்டில் மயிரிழை வெடிப்பு. பில்டரைத் தட்டினால் அட்டைத்தூள் கோதுமை மாவு மாதிரி கொட்டியது. அப்புறம், அந்த உறிஞ்சலை உண்டாக்கும் அழுத்தக் காற்று. 6 பார் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்து லைன் வால்வுகள் திறக்கிறபோதெல்லாம் கேஜ் முள் 4.5க்குச் சரிந்தது. ரோபோவுக்கு மட்டும் பக்கத்திலேயே தனியாக ஒரு காற்று டாங்க் வைத்தோம், கப்பையும் பில்டரையும் மாற்றினோம். அந்தக் காத்திருப்பு போயே போய்விட்டது.

அடுத்தது உயரம். முதல் அடுக்கு வைக்கும்போதும் கை ஏழாவது அடுக்கின் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. புரோகிராம் எழுதியவர் பாதுகாப்புக்காக ஒரே உயரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போதைய அடுக்குக்கு மேலே போதுமான இடைவெளி விட்டுப் போகும்படி மாற்றச் சொன்னோம். பெட்டியோடு போகும்போது நிதானம், வெறும் கையாகத் திரும்பும்போது முழு வேகம் என்றும் பிரித்தோம்.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி கோணல். எங்கள் பெட்டி 48க்கு 32 செ.மீ., பேலட் 120க்கு 100. அடுக்குக்கு 7 பெட்டி: மூன்று ஒரு வாக்கில், நான்கு அதற்குக் குறுக்கே. கூட்டிப் பார்த்தால் 112க்கு 96. அகலத்தில் பக்கத்துக்கு 2 செ.மீ. தான் மிச்சம். பெட்டிக்கு ஒரு செ.மீ. இடைவெளி விழுந்தாலே அந்த மிச்சம் முழுதும் போய்விடும். கடைசிப் பெட்டியின் மூலை பேலட்டுக்கு வெளியே தொங்கும். அட்டைப்பெட்டிக்கு பலமே நான்கு மூலைதான். மூலை தொங்கினால் மேலே இருக்கும் ஆறு அடுக்கின் பாரத்தில் நசுங்கி, கன்டெய்னர் துறைமுகம் போய்ச் சேரும்போது சாய்ந்து நிற்கும்.

காரணம் ரோபோவில் இல்லை. ரோலர் கன்வேயரின் பக்கக் கம்பி ஒரு பக்கம் அகன்று போயிருந்தது, பெட்டி திரும்பியபடியே வந்து நின்றது. எங்கள் மெஷினுக்குக் கண் கிடையாது. சொன்ன இடத்துக்கு மில்லிமீட்டர் பிசகாமல் போகும், கையில் பெட்டி எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கம்பியைச் சரிசெய்து, எடுக்கும் இடத்தில் பெட்டியை ஒரு தடுப்பில் மெதுவாக அழுத்தி நேராக்கும் காற்று சிலிண்டர் ஒன்றும் போட்டோம். வைக்கும்போதும் நேர் மேலிருந்து இறக்காமல், சற்று வெளியே இறங்கிப் பக்கத்துப் பெட்டியை ஒட்டி உள்ளே வரும்படி மாற்றினோம். நிமிடத்துக்கு 8 வந்தது, அதிகபட்ச வேகத்தைத் தொடாமலே.

எனக்கு அந்த 8ஐவிட முக்கியம் வேறு ஒன்று. கோணலாகும்போதெல்லாம் ஒரு பையன் மெஷினை நிறுத்திவிட்டு வேலிக்குள் ஓடிப்போய்க் கையால் நேராக்குவான். அவசரத்தில், மெஷின் மறுபடி ஓடாதபடி போட வேண்டிய பூட்டைப் போடாமலும் போயிருக்கிறான், நானே பார்த்துக் கத்தியிருக்கிறேன். இப்போது ஷிப்டுக்கு ஒரு தடவைகூட யாரும் உள்ளே போக வேண்டியதில்லை.

ஓசூர் ஷிப்ட்:

நல்ல பதிவு அண்ணா. எங்களுடையது சிப்காட்டில் வண்டி உதிரிபாகம். நீங்கள் கன்வேயரில் கண்டதை நாங்கள் பேலட்டில் கண்டோம். ஏற்றுமதிக்கு முத்திரை உள்ள மரப்பேலட்தான் வரும், மரத்தில் பூச்சி இல்லாமல் இருக்க, உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. முத்திரை சரியாக இருக்கும், பலகை சமமாக இருக்காது. ரோபோ ஒரே உயரத்தை நம்பி இறங்கும். தாழ்ந்த மூலையில் பெட்டி அந்தரத்தில் விடுபட்டு 'தொப்'பென்று விழும், உயர்ந்த மூலையில் அழுத்தி, கிரிப்பர் (பெட்டியைப் பிடிக்கும் கைப்பகுதி) அலாரம் அடிக்கும். ஆபரேட்டர் அக்கா ஒருவர்தான் சாக்பீஸால் அலாரம் அடித்த பேலட்டுக்கெல்லாம் குறி போட்டு வைத்து, "தம்பி, மெஷின் மேல தப்பு இல்ல, பலகையைப் பாருங்க" என்று காட்டினார். இப்போது உள்ளே வரும் இடத்தில் உயரம் பார்க்கும் சென்சார் இருக்கிறது. வளைந்த பேலட் வெளியே போய்விடும். நல்லதையும் இரண்டு பக்கமும் பிடித்து மூலையில் ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் அடுக்க ஆரம்பிக்கும்.

அரூர் மில்:

நாங்கள் குச்சிக்கிழங்கு மாவு, 50 கிலோ மூட்டை. பெட்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்களுக்காவது மூலை இருக்கிறது. மூட்டை தைத்து வரும்போது உள்ளே காற்று இருக்கும், மாவு ஒரு பக்கம் ஒதுங்கி வயிறு தள்ளியிருக்கும். அப்படியே வைத்தால் நான்காவது அடுக்கிலேயே உருள ஆரம்பித்துவிடும், அதுவும் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். முதலில் கிரிப்பர் விரல்களை மாற்றினோம், பிடிக்கும் அழுத்தத்தை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. ரோபோவுக்கு முன்னால் மேலும் கீழும் உருளை வைத்த ஒரு தட்டையாக்கும் கன்வேயர் போட்ட பிறகுதான் விடிந்தது. மூட்டை அதில் அழுந்தி, காற்று போய், இட்லித்தட்டு மாதிரி சமமாக வருகிறது. ஒரே குறை, தையல் வாய் சரியில்லாத மூட்டை அங்கே மாவைக் கக்கிவிடும். அதனால் தையல் மெஷினையும் கூடவே கவனிக்க வேண்டியிருக்கிறது. பர்கூர் சார், ஈரத்தால் உங்களுக்குப் பிரச்சினை வந்ததா? எங்களுக்கு மழைக்காலத்தில் சென்சார் கண்ணில் மாவு பசையாக ஒட்டிக்கொள்கிறது.

பர்கூர் மெயின்டனன்ஸ்:

வந்தது சார், எழுத விட்டுப்போச்சு. டின்னை வேகவைத்துக் குளிரவைக்கும்போது 40 டிகிரி அளவில் நிறுத்தினால், மிச்சச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். அவசரத்துக்கு அதற்கும் கீழே குளிரவைத்தால் டின் ஈரத்தோடு பெட்டிக்குள் போய், அடி அட்டை நமுத்துப்போகிறது. நமுத்த பெட்டியைத் தூக்கும்போது வயிறு தொங்கும், வைக்கும்போது பக்கத்துப் பெட்டியை இடிக்கும். இப்போது பெட்டி போடுவதற்கு முன்னால் ஒரு ஊதுகாற்றுக் குழாய் வைத்திருக்கிறோம். ராத்திரி ஷிப்டில் மட்டும் இன்னும் அவ்வப்போது ஈரம் தப்பி வருகிறது, குளிர்விக்கும் தொட்டித் தண்ணீரின் சூட்டை இந்த வாரம் மணிக்கு ஒரு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன். ஓசூர் தம்பி, அந்த உயரம் பார்க்கும் சென்சாரை எந்த இடத்தில் பொருத்தினீர்கள் என்று ஒரு போட்டோ போட முடியுமா?