எழும்பூர் மறுகட்டுமானம்: ரயிலைத் தாம்பரத்தோடு நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

காவிரிக்கரைப் பயணி (கேள்வி):

கும்பகோணத்திலிருந்து மாதம் இருமுறையாவது சென்னைக்கு வந்து போகிறவன் நான். எழும்பூர் நிலையத்தின் மறுகட்டுமானத்துக்காக 2025 ஜூனில் உழவன், சேது, கொல்லம் விரைவு ரயில்கள் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டன. இரண்டு மாதம் என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. என் தந்தைக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலிக்காக சென்ட்ரல் பக்கத்தில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவரையும் அழைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் இருட்டு விலகாத நேரத்தில் தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலப் படிகளில் ஐந்து படிக்கு ஒருமுறை நின்று நின்று அவர் ஏறியதைப் பார்த்தபோது, இந்த 25 கிலோமீட்டர் வித்தியாசம் வரைபடத்தில் தெரிவதைவிடப் பெரிது என்று தோன்றியது. எழும்பூரில் இறங்கியிருந்தால் ஓர் ஆட்டோவோடு வேலை முடிந்திருக்கும்.

கட்டுமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கிறேன். இப்படிப்பட்ட வேலைகளை இரவில் மட்டும் செய்து, பகலில் ரயில்களை வழக்கம்போல் விட முடியாதா? 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு (நிலையத்தை ஒட்டிய தடங்களின் தொகுதி) வேலையின்போதும் மின்சார ரயில்களைப் பல்லாவரத்தோடும் கூடுவாஞ்சேரியோடும் நிறுத்தி, இடையில் இருந்தவர்களைப் பேருந்தில் போகச் சொன்னார்கள். இரண்டாவது, அறிவிக்கும் தேதியை ஏன் காப்பாற்ற முடிவதில்லை?

பழைய சிக்னல்காரர்:

ஐயா, சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில், நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு வகை வேலைகள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தாம்பரத்தில் நடந்தது யார்டு மறுசீரமைப்பு. ஒரு ஜங்ஷனில் ஒரு பாயிண்ட், அதாவது வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் நகரும் தண்டவாள அமைப்பு, சரியான பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் வண்டி போவதற்கான சிக்னல் விழும். குறுக்கே வரக்கூடிய வேறொரு வண்டிக்கு ஏற்கெனவே வழி கொடுத்திருந்தால் அந்தப் பாயிண்ட் எத்தனை முறை முயன்றாலும் திரும்பாது. இதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறோம். புதிதாக ஒரு தடத்தை இணைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காலையில் வண்டி ஓட்ட இயலாது. வீட்டில் ஒயரிங் மாற்றும்போது பாதி மெயினையும் பாதி சுவிட்சையும் போட்டு வைக்க முடியாதது போலத்தான்.

மாற்றம் நடக்கும் நாட்களை நாங்கள் என்.ஐ. நாட்கள் என்போம், அதாவது இன்டர்லாக்கிங் இல்லாத நாட்கள். அப்போது பாயிண்டைக் கையால் திருப்பி, அதில் நகரும் நாக்குத் தண்டவாளத்தை இரும்புக் கிளாம்பால் இறுக்கி, அதன்மேல் பூட்டுப் போட்டுச் சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுத்த பிறகுதான் கொடி காட்டுவோம். வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுத்த வண்டிக்கு வேறு வழி வேண்டுமென்றால் பூட்டைத் திறப்பதில் தொடங்கி அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு மின்சார ரயில் வரும் தடத்தில் இது நடக்கிற காரியமா? பல்லாவரத்தோடும் கூடுவாஞ்சேரியோடும் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

இரவில் செய்யலாமே என்றால், தாம்பரத்துக்கு இரவு என்று ஒன்று இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவே சில மணி நேரமே இருக்கிறது. அந்த இடைவெளியிலும் தெற்கு நோக்கிப் போகும், தெற்கிலிருந்து வரும் வண்டிகள் உண்டு. மேலே போகும் 25,000 வோல்ட் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கும் திரும்பக் கொடுப்பதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது மிகச் சொற்பம். கேபிள் போடுவது, சிக்னல் கருவிகளை வைக்கும் ரிலே அறை கட்டுவது போன்ற முன்வேலைகளை இரவுகளில்தான் முடிக்கிறோம். கடைசி இணைப்புக்கு மட்டும் நாட்கணக்கில் அவகாசம் வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் நடந்தது போதும். முன்பு செய்த சிக்னல் ஒயரிங் மாற்றத்தில் இருந்த பிழையால், மெயின் லைனில் போக வேண்டிய கோரமண்டல் விரைவு ரயில், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடமான லூப் லைனுக்குள் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. புதிய இணைப்பு முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்டையும் இடத்தில் நின்று பார்த்து, கட்டுப்பாட்டு அறையில் தெரியும் விளக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறோமே, அந்த நேரத்தில் மட்டும் எங்களை யாரும் விரட்டக் கூடாது.

எழும்பூர் விஷயம் வேறு. 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இந்த 734.91 கோடி ரூபாய் திட்டத்தில் 1908ஆம் ஆண்டுக் கட்டடத்தைத் தொடாமல், தடங்களுக்கு மேலே பயணிகள் கூடம் அமைக்க வேண்டும். தூண் நடவும் கிரேனால் உத்தரம் தூக்கவும் பிளாட்பாரங்களைச் சில சிலவாக மூடித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து புறப்படும் வண்டி காலிப் பெட்டிகளோடு வெகுநேரம் முன்பே வந்து நிற்பதால், இரண்டு பிளாட்பாரம் குறைந்தாலே ஒரு நாளில் பல வண்டிகளுக்கு இடமில்லாமல் போகும். சில வண்டிகளைத் தாம்பரத்தில் நிறுத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேளச்சேரி சீசன் டிக்கெட்:

பெரியவர் சொன்ன தொழில்நுட்பக் காரணங்களை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், கேள்வி கேட்டவரின் இரண்டாவது கேள்வியை அவர் தொடவே இல்லை.

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்று தடங்களே இருந்தன. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு. அந்தக் குறுகலைச் சரிசெய்ய நான்காவது தடம் போடுவது நியாயமான வேலை. அதற்கு இடம் வேண்டும் என்பதால் 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று, அதாவது பதினான்கு மாதம் கழித்து. பாதுகாப்புச் சோதனைக்கு நாட்கள் பிடிக்கும் என்பது சரிதான். ஏழு பதினான்கு ஆவதற்குச் சோதனையா காரணம்? நிலம் முழுமையாகக் கைக்கு வருவதற்கு முன்பே தேதி குறித்ததுதான் என்பது என் கருத்து. பந்தக்கால் நடுவதற்கு முன்பே பத்திரிகை அடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தப் பதினான்கு மாதமும் நான் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பாரிமுனைக்குப் பேருந்து பிடித்தேன். முதல் ஏழு மாதம் கடினமாக இல்லை, ஏனென்றால் முடிவு தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் என்னோடு வந்த இரண்டு பெண்கள் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள். ரயில் திரும்ப வந்தபோது அவர்கள் திரும்பவில்லை.

பழைய சிக்னல்காரர்:

தம்பி சொல்வது நியாயம்; மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையை நாங்கள் முடித்துவிட்டாலும், புதிய தடத்தில் பயணிகள் வண்டி ஓட ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஒப்புதல் தர வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அவர் ஒரு குறை கண்டால் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போகவும் வேண்டும். ஆகவே ஒரே நாளைக் குறிப்பிடாமல், “இந்த வாரத்துக்கு முன் இல்லை” என்று அறிவிப்பதே நேர்மை என்று பணியில் இருந்தபோதும் சொல்லி வந்தேன். கேட்டவர் இல்லை.

மாம்பலம் பக்கம்:

கேள்வி கேட்டவருக்கு உடனே பயன்படக்கூடிய ஓரிரு செய்திகள். தாம்பரத்தில் இறங்கி சென்ட்ரல் பகுதிக்குப் போகிறவர்கள் எழும்பூரை மறந்துவிடலாம். கடற்கரை லோக்கலில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் சென்ட்ரல் எதிரிலேயே இருக்கிறது. மெட்ரோ வேண்டுமென்றால் திரிசூலத்தில் இறங்கி விமான நிலையம் பக்கம் போக வேண்டும், தாம்பரத்தில் மெட்ரோ இல்லை. புறப்படும் நாளன்று 139 எண்ணில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் முழுமையாக ரத்தானால், இணையத்தில் வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே வந்துவிடும். கவுன்டரில் வாங்கியதற்கு மூன்று நாளுக்குள் நேரில் போக வேண்டும்.

காவிரிக்கரைப் பயணி:

அனைவருக்கும் நன்றி. கிளாம்பையும் பூட்டையும் பற்றிப் படித்த பிறகு முதல் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பார்க் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அன்று தாம்பரத்திலிருந்து காருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வழியில் ஒரு நிலையத்தில் பெட்டியின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்: “எழும்பூர்” என்ற எழுத்தின்மேல் “தாம்பரம்” என்று அச்சிட்ட தாளை ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலை பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அப்பா, “ரொம்ப நாளைக்குன்னா பெயின்டே அடிச்சிருப்பாங்க” என்றார். அவருக்கு அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. டிக்கெட்டை எந்த நிலையத்துக்கு எடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.