‘ஹவ் டு பில்ட் எ கேர்ள்’: ஜொஹானாவின் பேனா ஏன் அத்தனை கொடூரமாகிறது?

நிலாமுற்றம்:
கோக்கி கெட்ரோய்ச் இயக்கிய இந்தப் படத்தை (2019) நேற்று இரண்டாம் முறையாகப் பார்த்தேன். வுல்வர்ஹாம்ப்டனில் நெருக்கடியான சிறு வீட்டில் வளரும் பதின்வயது ஜொஹானா, ‘ஆனி’ இசைநாடகப் பாடல்களைப் பற்றி எழுதியனுப்பிய விமர்சனத்தின் பலத்தில் லண்டனின் ராக் இதழ் ஒன்றுக்குள் நுழைவதும், அறைச் சுவரில் படங்களாக ஒட்டியிருக்கும் உளவியலாளர் ஃப்ராய்டும் எழுத்தாளர்களான பிரான்ட்டே சகோதரிகளும் அவளுக்கு யோசனை சொல்வதும் என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்தன. ஆனால், டாலி வைல்டு என்ற புனைபெயரில் அவள் இசைக்குழுக்களைக் கிழித்தெறியத் தொடங்கிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இசையை அவ்வளவு நேசித்த பெண் அப்படி மாறுவதற்குப் படம் போதிய காரணம் காட்டுகிறதா?

பழையதட்டு:
காட்டுகிறது என்றே நினைக்கிறேன். பாடகர் ஜான் கைட்டைச் சந்தித்துவிட்டு அவள் மனமுருகி எழுதிய கட்டுரை இதழில் எடுபடவில்லை. விமர்சகரிடம் எதிர்பார்ப்பது ரசிகையின் பரவசத்தை அல்ல என்பது அவளுக்குப் புரியவைக்கப்படுகிறது. அவள் சம்பாத்தியத்தை வீடே நம்பியிருக்கும்போது, எது அச்சேறுமோ அதைத்தான் அவள் எழுதுவாள். இது வெறும் கற்பனையும் அன்று. மூல நாவலையும் (2014) திரைக்கதையையும் எழுதிய கேட்லின் மோரன், தம் பதினாறாம் வயதிலேயே ‘மெலடி மேக்கர்’ இசை வார இதழில் எழுதத் தொடங்கியவர். அந்த இதழும் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ இதழும் கடுமையாகப் போட்டியிட்ட அக்காலத்தில், நாலு வரியில் ஒரு குழுவைக் கவிழ்த்துவிடும் நடைக்கென்றே வாசகர்கள் இருந்தார்கள்.

தெருவிளக்கு:
கடுமையைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேமரன் குரோவின் ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ (2000) படத்தில், ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்த ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், இசை பற்றி எழுதத் தொடங்கும் பதினைந்து வயது வில்லியமிடம் நேர்மையாக எழுது, இரக்கம் காட்டாதே என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் முக்கியம். வில்லியம் இசைக்குழுவோடு ஒட்டி உறவாடி உண்மையைச் சொல்லத் தயங்குகிறான்; ஜொஹானாவோ தான் கேட்ட இசைக்கும் எழுதும் வரிக்கும் தொடர்பே இல்லாதபடி எழுதுகிறாள். அவளிடம் இரக்கம் இல்லாததைவிட, காது கொடுத்துக் கேட்ட சுவடே இல்லாததுதான் என்னை வருத்தியது. தன்னம்பிக்கைக்கும் ஆணவத்துக்கும் இடையே ஜொஹானாவாக நடித்த பீனி ஃபெல்ட்ஸ்டீனின் முகம் மாறும் விதத்தில் அது தெளிவாகத் தெரிகிறது.

நிலாமுற்றம்:
நன்றி. வீட்டு நிலைமையை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒரு மனக்குறை மிச்சமிருக்கிறது: அவள் எழுத்தால் காயப்பட்ட இசைக்கலைஞர்களில் கைட்டைத் தவிர வேறு எவருடனும் படம் நின்று பேசவில்லை. அவர்களில் ஒருவர் அந்த இதழைப் பிரித்துப் படிக்கும் காட்சி ஒன்றாவது இருந்திருக்கலாம்.