கினோவா உப்புமா களியாகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை. ராத்திரி சோற்றைக் குறைக்கலாம் என்று அரைக் கிலோ கினோவா (சிறுதானியம் மாதிரி சமைக்கும் ஒரு விதை) வாங்கினேன். விலையைச் சொன்னால் அம்மா தொடவே மாட்டார், அதனால் சொல்லவில்லை.

முதல் நாள் ஒரே கசப்பு. விதை மேலே படிந்திருக்கும் சப்போனின் என்ற கசப்புப் பொருள்தான் காரணமாம். இப்போது நுரை அடங்கும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுகிறேன். அரிசிச் சல்லடையில் பாதி ஓடிவிடுகிறது, டீ வடிகட்டிதான் கைகொடுத்தது. சரி, கசப்பு போனது, குழைவு போகவில்லை. ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர், கூடவே கேரட், பீன்ஸ், சுரைக்காய் போட்டுக் குக்கரில் இரண்டு விசில் விட்டேன். களிதான் வந்தது. சுரைக்காய் விடும் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறதோ? திறந்த பாத்திரத்தில் 15 நிமிடம் வேகவைப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் வைக்கிறீர்கள்? முதலில் வறுத்துக்கொண்டால் உதிரியாக வருமா?

அப்புறம், கினோவாவிலும் மாவுச்சத்து உண்டு என்று தெரியும். ஒரு வேளைக்குக் கினோவா எவ்வளவு, காய் எவ்வளவு போடுகிறீர்கள் என்று அளவோடு சொன்னால் நல்லது. சாம்பார் இல்லாமல் அம்மாவுக்கு இறங்காது. முருங்கைக்கீரை போட்டுச் சாம்பார் சாதம் மாதிரி செய்தவர்கள் உண்டா?

"சாமை, வரகு போதாதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அதுவும் வீட்டில் இருக்கிறது. வாங்கியதை முதலில் தீர்க்க வேண்டும்.