புதுப்பிப்பு: நியூ ஆர்லியன்ஸ் லோயர் நைன்த் வார்டுக்குப் போய்வந்த விவரம்

2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியில் அழிந்த, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குடியிருப்புப் பகுதியான லோயர் நைன்த் வார்டைச் சுற்றுலாப் பேருந்தில் பார்க்க இயலுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அங்கே சுற்றுலாப் பேருந்துகளுக்கு நகராட்சித் தடை இருப்பதால், செயின்ட் கிளாட் பாலம் வழியாக மிதிவண்டியில் போகலாம் என்ற யோசனையே கைகொடுத்தது. அது இண்டஸ்ட்ரியல் கால்வாயின் மேல், கப்பல்களுக்காகத் தூக்கப்படும் பாலம். காத்திருக்கவும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வார்டின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றோர மேட்டில் உள்ள ஹோலி கிராஸ் என்ற பகுதி ஓரளவு மீண்டிருக்கிறது. ஆனால் கிளெய்போர்ன் சாலைக்கு வடக்கே, அந்தக் கால்வாயின் தடுப்புச்சுவர் உடைந்து வெள்ளம் பாய்ந்த பகுதியில், இடுப்பளவு புல்லும் வீடில்லாத வெறும் சிமென்ட் படிகளுமாக மனைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் என்று கேட்டவர்களுக்கு: வீட்டைப் பழுதுபார்க்கவோ மீண்டும் கட்டவோ மாநில அரசு தந்த ‘ரோடு ஹோம்’ உதவித்தொகை, பழுதுபார்க்கும் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததை வைத்தே முதலில் கணக்கிடப்பட்டதால், வீட்டு மதிப்பு குறைவாக இருந்த இத்தகைய பகுதிகளில் பலருக்குக் கட்டுமானச் செலவுக்கே பணம் போதவில்லை. என் பார்வையில், புயலைவிட இந்தக் கணக்கே நீடித்த சேதம்.

எதிர்பாராதது ஒன்று: காலியாகத் தோன்றும் மனைகளுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். படிகளைப் படமெடுக்குமுன் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.